இதுக்கு இது போதும்

தூத்துக்குடியில் ஜவுளி எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வீரபாகு அண்ணாச்சி கடைக்குள் நுழைந்ததும் துணியைத் தேட மாட்டார்கள். தங்கதுரையைத் தேடுவார்கள். "போதும் அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்பார்கள். இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் உட்காருவார்கள். இல்லையென்றால், மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று வெளியே நழுவிவிடுவார்கள்.

இத்தனைக்கும் தங்கதுரை இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள் இல்லை. பட்டுப் பிரிவில், மெத்தைக்கு அந்தப் பக்கம், அடுக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். முந்தியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். அவ்வளவுதான், அந்தத் துணியின் ஜாதகம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு, "எதுக்கு எடுக்கிய?" என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால், "இதுக்கு இது போதும்" என்று ஒன்றை எடுத்துப் போடுவார். அந்தப் பேர் அப்படி வந்ததுதான்.

உப்பளத்து வேலைக்குப் போகிறவள் விலை குறைந்த சேலையைத் தொட்டால் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிடுவார். "உப்புத்தண்ணி பட்டா இது ஒரு மாசம் தாங்காது. இதுல போயி கஞ்சம் புடிக்காத. கெட்டி நூலா எடு." சடங்கு வீட்டில் உறவுக்காரப் பெண்களுக்கு வைத்துக் கொடுக்கச் சேலை கேட்டு யாராவது விலை கூடியதைப் பார்த்தால் சிரிப்பார். "நீங்க குடுக்கத அவ ஒரு நாளும் கட்ட மாட்டா. அப்படியே வச்சிருந்து அடுத்த வீட்டுல வச்சுக் குடுப்பா. இதுக்கு இது போதும்." முதலாளி வீரபாகு அண்ணாச்சிக்கு முதலில் இதைக் கேட்டு வயிறு எரிந்தது. கூடின விலைக்கு விற்கச் சம்பளம் கொடுத்தால் இந்த மனுசன் குறைத்து விற்கிறானே என்று பொருமினார். பிறகு, போதும் என்று சொல்கிற ஆளை நம்பி ஊரே வரத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணச் சேலைக்கும் தங்கதுரை ஒரு கணக்கு வைத்திருந்தார். பட்டு விலையைக் கேட்டு முகம் சுண்டிப்போகிற பெற்றோரிடம் அதைச் சொல்லுவார். "முகூர்த்தச் சேலை ஒரு மணி நேரம். தாலி ஏறினதும் அவுத்து பீரோவுல வச்சா அது பாட்டுக்குத் தூங்கும். செமி சில்க்ல எடுங்க. தூரத்துல நின்னு பாத்தா தெரியவா போகுது? மிஞ்சுற துட்டுல பிள்ளைக்கு நல்ல நூல் சேலையா எடுத்துக் குடுங்க. அதுதான் அவ உடம்புல கெடக்கும்." கேட்டவர்கள் முகத்தில் ரத்தம் திரும்பி வரும்.

நியாயமான பேச்சுதான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நியாயமான பேச்சு எல்லாமே அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் வருகிற மாதிரி நம் வீட்டு விசேஷத்தில் வருவதில்லையே, அதுதான் சங்கடம்.

தங்கதுரையின் வீட்டிலும் போதும்தான். மனைவி முத்துக்கனி, "ஊருக்கெல்லாம் பட்டு விரிக்கிய, என் பீரோவத் தொறந்தா கட்பீஸ் கடை மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொள்வாள். மகள் இந்துமதி சலித்துக்கொள்ளாத பிள்ளை. தந்ததை உடுத்திக்கொள்ளும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடுவதற்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது தங்கதுரை யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கூத்துக்கு எதற்கு அசல் என்று, தள்ளுபடியில் கிடந்த ஆர்ட் சில்க் துண்டை எடுத்துத் தைத்துக் கொடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஊர் வேர்வை இருக்கிறதே, அது மறந்துவிட்டது அவருக்கு. கடல் காற்று நின்ற சாயங்காலம், மேடையில் விளக்குச் சூடு. ஆடி முடித்து இறங்கினபோது பிள்ளையின் கெண்டைக்கால் வரை சாயம் வழிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் பாவாடையில் பட்டுவிடும் என்று நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டாள். இந்துமதி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதாள். சாயம் துணியில் நிற்காமல் காலில் நன்றாக நின்றது.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தங்கதுரை சொன்னார், "அழாதளா. உன் கல்யாணத்துக்கு அசல் பட்டு. அப்பா என் கையால பாத்து எடுத்துத் தாரேன்."

அங்கேதான் மனுசன் தப்புப் பண்ணினார். அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண்ணைப் பெற்றவன் வேட்டி சட்டை எடுக்கலாம், மோதிரம் போடலாம், பாத்திர பண்டம் கொடுக்கலாம். அந்த ஒரு சேலை மட்டும் அவன் கையில் இல்லை. தினமும் நாலு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரிக்கிற தங்கதுரைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. யார் துட்டுக் கொடுத்தால் என்ன, விரிக்கிற கை நம்ம கைதானே. தன் முன்னால் உட்கார்ந்தவர்கள் தான் விரும்பாத சேலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதாக அவர் சரித்திரத்திலேயே இல்லை.

இந்துமதி படித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கன்டெய்னர் புக்கிங் பார்க்கிற வேலைக்குப் போனாள். சம்பந்தம் தானாக வந்தது. வந்தவள் சண்முகசுந்தரி, ஸ்ரீவைகுண்டத்துக்காரி. பல வருடங்களுக்கு முன்பு புருஷனைப் பறிகொடுத்த கையோடு மூத்த மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு, பட்டு விலையைக் கேட்டு அந்த மெத்தையில் பேச்சற்று உட்கார்ந்திருந்தவள். அன்றைக்குத் தங்கதுரை அவளுக்கும் அந்தக் கணக்கைத்தான் சொன்னார். செமி சில்க்கை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மகன் மகாராஜா தலையெடுத்தான். பலசரக்கு மொத்த வியாபாரம், இரண்டு குட்டியானை வண்டி, சொந்த வீடு. இப்போது எந்தக் கடையிலும் எதையும் எடுக்கலாம். ஆனால் அவள் அந்த நாளை மறக்கவில்லை.

"போதும்னு சொல்லத் தெரிஞ்ச வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன் அண்ணாச்சி" என்று அவள் சொன்னபோது தங்கதுரைக்குத் தலை கால் புரியவில்லை. தன்னுடைய வார்த்தை ஒன்று ஊரைச் சுற்றிவிட்டுத் தன் மகளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முத்துக்கனி அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

நிச்சயம் முடிந்த வாரமே புதுச் சரக்கு வந்தது. அதில் ஒன்று அரக்குப் பட்டு, கிளிப்பச்சைக் கரை. கரையைத் தனியாகத் தறியிலேயே கோர்த்து நெய்தது. தங்கதுரை முந்தியைத் தேய்த்துப் பார்த்தவர் அதை அடுக்கில் வைக்கவில்லை. மேலே இரண்டு பழைய சரக்கைப் போட்டு மூடி, கீழ்த்தட்டின் கோடியில் தள்ளிவிட்டார். கூட வேலை பார்க்கும் பொன்னுதுரைக்கு மட்டும் காட்டினார். "இது இங்கன கெடக்கட்டும். யாருக்கும் விரிச்சிராத."

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்துமதி ஆபீசிலிருந்து வந்தாள். கடையில் கூட்டம் இல்லை. தங்கதுரை அந்தச் சேலையை எடுத்து மகளின் தோளில் போட்டார். எல்லாப் பெண்களும் உடனே கண்ணாடியைப் பார்ப்பார்கள். இவள் பார்க்கவில்லை. முந்தியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள், அப்படியே அப்பனை உரித்து வைத்த மாதிரி.

"இதுதானாப்பா?"

"இதுதாம்ளா."

"வெல கூட இருக்கும் போலயே. அத்தை சம்மதிப்பாவளா? வேணும்னா நான் என் சம்பளத்துல…"

"நீ சும்ம இரு. அதெல்லாம் அப்பா பாத்துக்கிடுதேன். விரிக்கிறது யாரு?"

அவள் சிரித்தாள். சேலையைத் தானே மடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் மற்ற எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. மண்டபம் எது, சாப்பாடு என்ன, மேக்கப்புக்கு யார், எல்லாவற்றுக்கும் "உங்க இஷ்டம்மா" என்றுதான் சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது கீழ்த்தட்டில் பத்திரமாக இருந்தது.

ஜவுளி எடுக்கும் நாள் வந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் முகூர்த்தப் பட்டை எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துவிட வேண்டும். மஞ்சள் வைத்த சேலையைத் திருப்பக் கூடாது, மாற்றக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற சேலையில் பெண் வீட்டார் வாய் வைக்கவும் கூடாது. நன்றாயிருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்துகொள்ளலாம்.

தங்கதுரை திட்டத்தோடு இருந்தார். மங்கலான இரண்டு மூன்றை முதலில் விரிப்பது. கண் சலித்த நேரம் பார்த்து அரக்கை விரிப்பது. "சம்பந்தியம்மா, இத எடுங்க" என்று ஒரு வார்த்தை. தன் பேச்சைத் தட்டாத பொம்பளை, முடிந்தது காரியம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சண்முகசுந்தரி, பானுப்ரியா, அவள் இடுப்பில் குழந்தை, இன்னும் உறவுக்காரப் பெண்கள். மகாராஜா வாசலிலேயே போனில் அரிசி விலை பேசிக்கொண்டிருந்தான். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மெத்தைக்கு அந்தப் பக்கம் போகப்போன தங்கதுரையின் தோளில் வீரபாகு அண்ணாச்சியின் கை விழுந்தது.

"வே தங்கதுரை, எங்க போறீரு? இன்னைக்கு நீரு பொண்ணப் பெத்தவரு. சம்பந்தியோட சமமா இங்கன உக்காரும். பொன்னுதுரை விரிப்பான்."

"இருக்கட்டும் அண்ணாச்சி, நானே…"

"ஒமக்கு என்ன கிறுக்கா? மக கல்யாணத்துக்கு நீரே சேல விரிச்சா ஊரு என்னைய என்ன சொல்லும்? உக்காரும்வே!"

மரியாதை செய்கிறார் முதலாளி. அதை எப்படி வேண்டாம் என்பது? எல்லாருக்கும் ரோஸ்மில்க் வந்தது. தங்கதுரைக்கும் ஒன்று கொடுத்தார்கள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மெத்தைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

பொன்னுதுரை நல்லவன். சொல்லாமலே புரிந்துகொண்டு மங்கலான இரண்டு மூன்றை விரித்துவிட்டு, தங்கதுரையின் கண்ணைப் பார்த்துக் கீழ்த்தட்டிலிருந்து அரக்கை எடுத்தான். ஒரு உதறு. மெத்தை முழுக்கச் சேலை பரவியது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தைகூட கையை நீட்டியது. முத்துக்கனி பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துமதி தன்னை அறியாமல் முன்னால் நகர்ந்தாள்.

சண்முகசுந்தரி கரையைத் தடவினாள். அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தாள்.

"ஏ தம்பி, அண்ணாச்சி இங்கன உக்காந்திருக்கது தெரியாம இத விரிக்கியே! அண்ணாச்சி கையா இருந்தா இத எடுத்தே போட்டிருக்க மாட்டாவ."

கேலி இல்லை அது. பெருமை. தன் கூட வந்தவர்களிடம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அவள் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் போன வருஷம், கையில் இருந்த இல்லாமை, இதே மெத்தை, தங்கதுரை சொன்ன வார்த்தை. ஒரு சொல் விடாமல் சொன்னாள். "‘முகூர்த்தச் சேல ஒரு மணி நேரம், சம்பந்தம் ஆயுசுக்கும்’னாவ பாத்துக்கிடுங்க. எனக்கு அன்னைக்குத்தான் மூச்சு வந்துது." சம்பந்தத்தைப் பற்றித் தங்கதுரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆண்டாண்டாகச் சொல்லிச் சொல்லி அவளே சேர்த்துக்கொண்டது. பெண்கள் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

"தம்பி, இதே அரக்குல, இதே பச்சக் கரையில, செமில இருக்கும்லா?"

இல்லாமல் இருக்குமா? முத்துநகர் என்று ரயிலுக்கே பேர் வைத்திருக்கிற ஊர் இது. கழுத்தில் கிடக்கிற முத்து அசலா என்று யார் யாரைக் கேட்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அடுக்கில் இருக்கத்தான் செய்கிறது. பொன்னுதுரை தயங்கித் தயங்கி எடுத்து வந்தான். சண்முகசுந்தரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. தூரத்துல நின்னு பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

தங்கதுரை வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வந்துவிட்டது. இது என் மகளுக்குப் போதாது சம்பந்தியம்மா, நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பானுப்ரியா குழந்தையை மடியில் சரித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் கல்யாணத்துக்கும் செமிதான மாமா. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் பீரோவுல எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் தெரியுமா?"

அதோடு முடிந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உனக்குப் போதும் என்று கொடுத்தது என் மகளுக்குப் போதாது என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு மட்டுமா? முகம் சுண்டி வந்து, ரத்தம் திரும்பிய முகத்தோடு போன அத்தனை பெற்றோரும், அவர்கள் பிள்ளைகளும் அந்த மெத்தையைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது தங்கதுரைக்கு.

"தெரியாது" என்றார்.

"அப்போ இது போதும்லா?" என்றாள் சண்முகசுந்தரி.

இந்துமதி அவரைப் பார்த்தாள். கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. அப்பா இப்போது ஏதாவது செய்வார் என்று சின்னப்பிள்ளை பார்க்கிற பார்வை. அதுதான் அவரை அறுத்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ராகுகாலத்துக்கு நேரம் ஆகிறது என்று யாரோ சொன்னார்கள்.

"போதும்" என்றார் தங்கதுரை.

மஞ்சள் வைத்தாகிவிட்டது. சண்முகசுந்தரி தாம்பாளத்தை மருமகள் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, கன்னத்தைத் தொட்டுக் கேட்டாள், "கலர் புடிச்சிருக்கா மருமவளே?"

"கலர் நல்லாருக்கு அத்தை."

சண்முகசுந்தரி நல்ல மனுஷி. மனதார வெறுக்கவும் முடியாத அளவுக்கு நல்லவள். மிச்சமான துட்டுக்குத் தங்கதுரை சொன்ன வார்த்தைப்படியே நூல் சேலை எடுத்தாள். ஒன்றல்ல இரண்டல்ல, மருமகள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக அடுக்கு அடுக்காக எடுத்தாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து எடுத்தாள். குறை சொல்ல அதில் ஒரு நூல் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு இந்துமதி கத்துவாள், சண்டை பிடிப்பாள் என்று தங்கதுரை காத்திருந்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் நூல் சேலைகளைப் பிரித்து அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாம் நல்ல துணிப்பா. வெயிலுக்கு நல்லாருக்கும்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் மூளை வேலை செய்தது. அதே அரக்கு, அதே பச்சை. செமி இருக்கிற இடத்தில் அசலை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வித்தியாசத் துட்டைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். முத்துக்கனியிடம் மெதுவாகச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மஞ்ச வச்ச சேலைய மாத்துவியளா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலவலின்னாலும் நீங்க மாத்துனதுனாலதான்னு நானே சொல்லுவேன். அதுவும் சேல இங்கனயா இருக்கு? தாம்பாளத்தோட அவிய வீட்டு சாமி படத்துக்கு முன்னால இருக்கு. மண்டபத்துக்குத்தான் வரும்."

"சரி, மறுவீட்டுக்கு நாம ஒண்ணு எடுத்துக் குடுப்போம். அந்த அரக்கையே எடுப்போம்."

"முகூர்த்தத்துக்கு அவிய எடுத்தத விட ஒசத்தியா நாம மறுவீட்டுக்கு எடுக்கதா? அவிய மூஞ்சில அடிக்கதுக்கு வேற வழி கெடைக்கலயா ஒங்களுக்கு? நாளைக்கு வாழப்போறது நானா நீங்களா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் இருந்த கொடுமை. யாரும் தப்புப் பண்ணவில்லை. அவரவர் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பிடித்து உலுக்க ஒரு ஆள் அகப்படவில்லை அவருக்கு, தன்னைத் தவிர.

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது வீரபாகு அண்ணாச்சி சரக்குப் பார்க்க வந்தார். கீழ்த்தட்டில் கிடந்த அரக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது. "இத எதுக்கு இங்கன போட்டு வச்சிருக்கீரு? மேல எடுத்து வையும்வே." தங்கதுரை எடுத்து மேலே வைத்தார். அன்று சாயங்காலமே தருவைகுளத்திலிருந்து ஆன்டனி என்கிற விசைப்படகுக்காரர் மகளோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம், வரவேற்புக்குச் சேலை வேண்டும். பொன்னுதுரை லீவு. தங்கதுரைதான் விரிக்க வேண்டும்.

அந்தப் பெண் வந்ததும் அரக்கைத்தான் கைகாட்டினாள்.

விரித்தார். ஆன்டனி விலையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, நீங்க நெசத்தச் சொல்லுவியன்னு சொன்னாவ. ஒரு சாயங்காலத்துக்குக் கட்டுற சேல. இது வேணுமா? இல்ல கொறஞ்சதுல இதே மாதிரி ஒண்ணு போதுமா?"

ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. நாக்கு நுனியிலேயே குடியிருக்கிற வார்த்தை. அது வரவில்லை. எதிரே அந்தப் பெண் முந்தியை மடியில் போட்டுக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும்.

"இது உப்புக்காத்துக்கும் கறுக்காது" என்றார். "தறியில கோத்த கர. ஒங்க மக கட்டி, அவ மகளும் கட்டலாம். முடியும்னா இத எடுங்க."

ஆன்டனி எடுத்தார். அதை மடித்துப் பெட்டியில் வைத்துக் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்ததும் தங்கதுரைதான். மடிக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அவர்கள் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, காற்றுத்தான் வரவில்லை. இந்துமதி அரக்கும் பச்சையுமாக மணவறையில் வந்து உட்கார்ந்தாள். சேலை உடம்போடு படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. கட்டிவிட வந்தவள் இடுப்பில் ஏகப்பட்ட பின் குத்தி அடக்கியிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் சேலையைப் புகழ்ந்தார்கள். "அப்பா பட்டுக்கடையில இருக்காவ, கேக்கணுமா" என்றார்கள். தங்கதுரை கையெடுத்துக் கும்பிட்டார். தாலி ஏறியது. மாப்பிள்ளை மகாராஜா குனிந்து பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அசல். அதில் தங்கதுரைக்குச் சந்தேகம் இல்லை. நல்ல பையன், நல்ல குடும்பம், குறைவில்லாமல் வாழ்வாள். இதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மணமக்கள் வந்து காலில் விழுந்தார்கள். திருநீறு பூசிவிட்டு, மகளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கின கை அங்கேயே நின்றது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அவரைக் கேட்காமலே முந்தியைப் பிடித்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டன.

இந்துமதி குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்வையில் பொட்டு லேசாகக் கலைந்திருந்தது. யாருக்கும் கேட்காமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"விடுங்கப்பா. தூரத்துல நின்னு பாத்தா தெரியாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். குத்திக்காட்டத் தெரியாத பிள்ளை அது. தங்கதுரை முந்தியை விட்டார். மகள் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார்.

"பொண்ணோட அப்பா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றான் போட்டோக்காரன். "ஜோடிய மட்டும் எடுக்கணும். இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

தங்கதுரை பின்னால் நகர்ந்தார். மணவறையிலிருந்து படி இறங்கி, நாற்காலி வரிசைகளைத் தாண்டி, சாப்பாட்டுக்கூட வாசல் வரைக்கும் போனார். அங்கே தூணுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

தெரிந்தது.